பத்து வருஷத்துல கப் ஜெயிச்ச டீம்கள்ல எது பெருசு? உங்க கேள்விகளும் என் பதிலும்

ஸ்டான்லி கப், அதாவது வட அமெரிக்காவோட NHL ஐஸ் ஹாக்கி லீக் சாம்பியனுக்கான கப், பத்தி வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான், யாரு நம்பர் ஒன்னு. அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன். 2016ல இருந்து 2025 வரைக்கும் பத்து கப், அதை தூக்குனது ஏழு டீம். அந்த பத்தையும்தான் வரிசைப்படுத்தப்போறேன், அதுக்கு முன்னாடி போகப்போறதில்ல.

அண்ணா, இந்த பத்துல உங்க நம்பர் ஒன் எது? எதை வச்சு சொல்றீங்க?

2022 கொலராடோ அவலாஞ்ச், தம்பி. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது.

எதை வச்சுன்னு கேட்டீங்கள்ல, அதை முதல்ல சொல்லிடறேன். 82 மேட்ச் ரெகுலர் சீசன் முடிஞ்சதும் வர்ற பிளேஆஃப்னா நாலு ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டுலயும் ஒரே டீமோட ஒரு சீரீஸ், அதுல நாலு மேட்ச் ஜெயிக்கணும், ஆக மொத்தம் 16 வெற்றி, இதுக்கு ரெண்டு மாசம் ஆகும், அதுக்குள்ள எந்த டீமா இருந்தாலும் யாருக்காவது கை உடையும் கால் உடையும். அப்போ நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான். முக்கியமான ஆளு வெளிய போனதுக்கப்புறமும் அந்த டீம் அதே ஆட்டத்தை ஆடுதா, இல்ல பயந்து பின்னாடி போய் உக்காந்துக்குதா. பாயிண்டு, ஸ்டார் பேரு எல்லாம் அதுக்கப்புறம்தான்.

கொலராடோவை எடுத்துக்கோங்க. முதல் ரவுண்டுல நாஷ்வில்லோட ஆடும்போது கோல்கீப்பர் டார்சி கெம்ப்பருக்கு ஹெல்மெட் கம்பி வழியா ஸ்டிக் போய் கண்ணுல குத்திடுச்சு. திரும்பி வந்தாரு, எட்மன்டன் சீரீஸ் முதல் மேட்ச்லயே மறுபடி அடிபட்டு வெளிய போயிட்டாரு, பாவெல் ஃபிரான்சூஸ் வந்து நின்னாரு, அந்த சீரீஸ் 4-0. செயின்ட் லூயிஸ் சீரீஸ்ல சாம் ஜிரார்டுக்கு மார்பெலும்பு உடைஞ்சது. எட்மன்டன் சீரீஸ்ல நசெம் காட்ரிக்கு கட்டைவிரல் உடைஞ்சு ஆபரேஷன். இவ்வளவுக்கு அப்புறமும் பிளேஆஃப் கணக்கு 16 வெற்றி 4 தோல்வி, ஆட்டத்தோட வேகம் துளி குறையல.

ஃபைனல்ல எதிர்ல யாருன்னா டாம்பா பே, தொடர்ந்து 11 சீரீஸ் ஜெயிச்சுட்டு வந்த டீம். ரெண்டாவது மேட்ச்ல அவங்களை 7-0ன்னு அடிச்சாங்க. நாலாவது மேட்ச் ஓவர்டைம், அதே காட்ரி, அந்த கையோடவே திரும்பி வந்து, இடது பக்கமா உள்ள புகுந்து அடிச்ச பக் (பந்துக்கு பதிலா இருக்கிற ரப்பர் வட்டு) டாம்பா கோல்கீப்பர் வாசிலெவ்ஸ்கியோட கை இடுக்குல போய் வலையோட மேல் மூலையில சொருகிக்கிச்சு. கீழ விழவே இல்ல. கொஞ்ச நேரம் கோலா இல்லையான்னு யாருக்கும் தெரியல, எல்லாரும் பக்கை தேடறாங்க, அது மேல வலையில மாட்டிக்கிட்டு நிக்குது. நான் எத்தனையோ ஓவர்டைம் கோல் பாத்திருக்கேன், இந்த மாதிரி ஒரு அமைதி பாத்ததில்ல.

அப்புறம் கேல் மக்கார். டிஃபென்ஸ்மேன், 20 மேட்ச்ல 29 பாயிண்ட் (அடிச்ச கோலும் கோலுக்கு கொடுத்த பாஸும் சேத்து), அந்த வருஷம் பெஸ்ட் டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸும் அவருக்குத்தான், பிளேஆஃப் பெஸ்ட் ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத்தும் அவருக்குத்தான். ஒரு சீசனுக்குன்னு எடுத்தா இந்த பத்துல வேற எந்த டீமும் பக்கத்துல வராது.

ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜெயிச்ச டாம்பாவை விட ஒரே ஒரு தடவை ஜெயிச்ச கொலராடோ எப்படி மேல? அதோட 2020 கப் ஆளில்லாத அரங்கத்துல ஜெயிச்சது, 2021 கப் பணம் போட்டு ஜெயிச்சதுன்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். உண்மையா?

நான் டீமோட மொத்த சரித்திரத்தை வரிசைப்படுத்தல, ஒரு வருஷத்து டீமைத்தான் வரிசைப்படுத்தறேன். மூணு வருஷத்தை சேத்து பாத்தா டாம்பாதான் மேல, அதுல சண்டையே இல்ல.

ஆனா உங்க ஃப்ரெண்ட் சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். 2020ல கொரோனா நேரத்துல டாம்பா ஆட்டக்காரங்க ரெண்டு மாசத்துக்கு மேல குடும்பத்தை பாக்காம, முதல்ல டொரன்டோலயும் அப்புறம் எட்மன்டன்லயும் ஹோட்டல் ரூமுக்கும் அரங்கத்துக்கும் நடுவுல அடைஞ்சு கிடந்தாங்க. முதல் ரவுண்டு முதல் மேட்ச் கொலம்பஸோட, அஞ்சு ஓவர்டைம் போச்சு, எதிர் டீம் கோல்கீப்பர் கோர்பிசாலோ 85 ஷாட்டை தடுத்தாரு, கடைசியில பிரேடன் பாயின்ட் முடிச்சாரு. கிட்டத்தட்ட ரெண்டரை மேட்ச் ஒரே நாள்ல. கேப்டன் ஸ்டாம்கோஸ் அந்த பிளேஆஃப் முழுக்க ஆடினது மொத்தம் 2 நிமிஷம் 47 செகண்டு. ஃபைனல் மூணாவது மேட்ச்ல வந்தாரு, வலது பக்கமா போயி ஒரு ஷாட், கோல், அதுக்கப்புறம் உடம்பு ஒத்துழைக்கல. அவர் இல்லாமலேயே கப் வந்துச்சு. கேப்டனே இல்லாம ஜெயிச்ச கப்பை எப்படி சுலபமா கிடைச்சதுன்னு சொல்ல முடியும்?

2021 விஷயம் வேற. டாம்பாவோட ஸ்டார் குச்சரோவுக்கு இடுப்புல ஆபரேஷன், 56 மேட்ச் ரெகுலர் சீசன்ல ஒண்ணு கூட ஆடல. காயம்பட்டு நீண்ட நாள் வெளிய இருக்கிறவரோட சம்பளத்தை சேலரி கேப்ல (டீமோட மொத்த சம்பளத்துக்கான உச்சவரம்பு) இருந்து கழிச்சுக்க ரூல் இருந்துச்சு, பிளேஆஃப்ல அப்போ கேப்பே கிடையாது. அவர் பிளேஆஃப் முதல் மேட்ச்ல திரும்பி வந்து 32 பாயிண்ட் எடுத்தாரு. ரூலுக்குள்ளதான் பண்ணாங்க, 2023 வேகஸ், 2025 ஃப்ளோரிடா எல்லாரும் அதே ரூலைத்தான் பயன்படுத்துனாங்க. இதை சரி பண்ணணும்னுதான் 2025-26 சீசன்ல இருந்து பிளேஆஃப்லயும் கேப் கொண்டு வந்தாங்க, நல்ல முடிவு.

என் லிஸ்ட்ல 2021 டாம்பா ரெண்டாவது. அதுக்கு காரணம் குச்சரோவ் இல்ல, வாசிலெவ்ஸ்கி. 2020 ஃபைனல் கடைசி மேட்ச்ல இருந்து 2021 ஃபைனல் கடைசி மேட்ச் வரைக்கும் தொடர்ந்து அஞ்சு சீரீஸை முடிச்சு வச்ச மேட்ச் ஒவ்வொண்ணுலயும் அவர் ஒரு கோல் கூட விடல. அஞ்சு தடவை! அப்புறம் கோர்ட், கோல்மன், குட்ரோன்னு ஒரு மூணாவது லைன் (சேந்தே இறங்கற மூணு ஃபார்வர்டு), எதிர் டீமோட பெரிய ஆட்டக்காரங்களை மூச்சு விட விடாம பண்ணாங்க. 2020 டாம்பாவை அஞ்சாவதா வச்சிருக்கேன்.

ஸ்கார்பரோவுல இருந்து எழுதறேன் அண்ணா, டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகை. ஃப்ளோரிடாவை பாத்தாலே எரியுது. எதிர் ஆளுங்களை அடிச்சு ஆடித்தானே ஜெயிக்கறாங்க?

தங்கச்சி, உங்க வலி புரியுது. 2025 ரெண்டாவது ரவுண்டுல முதல் ரெண்டு மேட்சையும் ஜெயிச்சுட்டு, அப்புறம் சொந்த ஊர்ல அஞ்சாவது மேட்ச் 6-1, ஏழாவது மேட்சும் 6-1ன்னு தோத்தா யாருக்குத்தான் எரியாது. அதுவும் எதிர்ல பிராட் மார்ஷாண்ட், பாஸ்டன்ல இருந்த காலத்துலயே ஏழாவது மேட்ச்ல லீஃப்ஸை நாலு தடவை வீட்டுக்கு அனுப்பினவரு, இங்கயும் வந்து நின்னாரு.

ஆனா அடிச்சு மட்டும் ஜெயிக்கறாங்கன்னு சொல்லாதீங்க. பக் எதிர் டீமோட மூலைக்கு போனதும் முதல் ஆளு நேரா டிஃபென்ஸ்மேன் மேல போறாரு, ரெண்டாவது ஆளு அவர் பக்கை தள்ளிவிடப் போற பலகை ஓரத்துல முன்னாடியே நிக்கறாரு, மூணாவது ஆளு நடுவுல. டிஃபென்ஸ்மேனுக்கு ஒரே வழிதான் மிச்சம், அங்கயும் ஆளு இருக்கு. இதை மூணு லைன் மாத்தி மாத்தி 60 நிமிஷமும் பண்ணுது, கால் வலிச்சாலும் விடறதில்ல. அடி கண்ணுக்கு தெரியுது, இந்த நிக்கற இடம் தெரியறதில்ல. அடுத்த தடவை பக்கை பாக்காம அந்த ரெண்டாவது ஆளை மட்டும் ஒரு பத்து நிமிஷம் பாருங்க.

இந்த டீம் எப்படி வந்துச்சுங்கறதும் முக்கியம். 2021-22ல ரெகுலர் சீசன்ல லீக்லயே முதல் இடம், 122 பாயிண்ட் (இது டீமோட அட்டவணை பாயிண்ட்), பிளேஆஃப் ரெண்டாவது ரவுண்டுல டாம்பாகிட்ட 4-0. வேற டீமா இருந்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டிருப்பாங்க. இவங்க அந்த சீசன்ல 115 பாயிண்ட் எடுத்த ஹுபர்டோவையே கால்கரிக்கு கொடுத்துட்டு மேத்யூ டகாச்சக்கை கொண்டு வந்தாங்க, கோச்சா பால் மோரிஸ் வந்தாரு. அதுக்கப்புறம் தொடர்ந்து மூணு ஃபைனல், ரெண்டு கப்.

2025 ஃப்ளோரிடா என் மூணாவது இடம். வெளியூர்லயே 10 மேட்ச் ஜெயிச்சாங்க, சாம் பென்னட் அடிச்ச 15 கோல்ல 13 வெளியூர்ல. ஃபைனல் கடைசி மேட்ச்ல ரைன்ஹார்ட் நாலு கோல். மார்ஷாண்டை மூணாவது லைன்ல ஆட வைக்கிற அளவுக்கு ஆள் பலம். 2024 ஃப்ளோரிடா ஏழாவது, ஏன்னா 3-0ன்னு முன்னாடி இருந்துட்டு எட்மன்டன்கிட்ட மூணு மேட்ச் வரிசையா விட்டாங்க, அதுல ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் தடுமாற்றம் அப்பட்டமா தெரிஞ்சுச்சு. ஏழாவது மேட்ச் 2-1, தப்பிச்சாங்க. அந்த வருஷம் கான் ஸ்மைத் தோத்த எட்மன்டன்ல இருந்த மெக்டேவிடுக்கு போச்சு, 42 பாயிண்ட், அது சரியான முடிவுதான்.

ரெகுலர் சீசன்ல முதல் இடம் பிடிச்ச டீம் ஏன் கப் ஜெயிக்கறதே இல்ல?

2013 சிகாகோவுக்கு அப்புறம் 2025 வரைக்கும் யாரும் ஜெயிக்கல. 2019ல டாம்பா 62 வெற்றி, முதல் ரவுண்டுல கொலம்பஸ்கிட்ட 4-0. 2023ல பாஸ்டன் 65 வெற்றி, 135 பாயிண்ட், ரெண்டுமே லீக் ரெக்கார்டு, முதல் ரவுண்டுலயே ஃப்ளோரிடாகிட்ட அவுட். சீசன்ல ஒரு டீமை ஒரு நாள் பாத்துட்டு அடுத்த ஊருக்கு போயிடுவோம். பிளேஆஃப்ல அதே டீமை ஏழு தடவை, உங்க பவர் ப்ளேயை (எதிர் டீம்ல ஆள் குறைவா இருக்கிறப்போ நீங்க ஆடற ஆட்டம்) உக்காந்து படிச்சுட்டு வருவாங்க. எதிர் கோல்கீப்பர் ரெண்டு வாரம் நல்லா ஆடிட்டா போதும், 82 மேட்ச் உழைப்பு போச்சு. அதான் நான் பாயிண்டை நம்பறதில்ல.

செயின்ட் லூயிஸை கடைசியில வச்சிருக்கீங்களாமே, மனசாட்சி இருக்கா?

எனக்கு ரொம்ப பிடிச்ச கப் அதுதான், ஆனா பிடிச்சது வேற பெருசு வேற. 2019 ஜனவரி 3ஆம் தேதி காலையில 31 டீம்ல கடைசி இடம். நாலு நாள் கழிச்சு ஜோர்டன் பின்னிங்டன் முதல் தடவையா மேட்சை ஆரம்பிச்சாரு, பிலடெல்ஃபியாவோட, ஒரு கோல் கூட விடல. ஜூன்ல கப். 1967ல லீக்ல சேந்த டீமுக்கு அதுதான் முதல் கப். பாஸ்டன்ல ஏழாவது மேட்ச் முதல் 20 நிமிஷம் பாருங்க, பாஸ்டன் அலை அலையா வருது, பின்னிங்டன் எல்லாத்தையும் தடுக்கறாரு, இவங்க கிடைச்ச கொஞ்ச வாய்ப்புல ரெண்டு கோல், ரெண்டாவது அந்த பீரியட் முடிய 8 செகண்டு கூட இல்லாதப்போ. ஆனா நாலு ரவுண்டுல பத்து மேட்ச் தோத்தாங்க. மத்த ஒன்பது டீமோட ஒரு சீரீஸ் வச்சா நான் யாரையும் விட இவங்களை மேல சொல்ல முடியாது. மனசு கேக்கல, ஆனாலும் பத்துதான்.

மிச்ச இடங்களையும் சொல்லிடுங்க.

நாலாவது 2023 வேகஸ், 2017ல ஐஸ்ல இறங்கின டீம், ஆறாவது சீசன்ல கப், கடைசி மேட்ச் 9-3, மார்க் ஸ்டோன் ஹாட்ரிக். ஆறாவது 2016 பிட்ஸ்பர்க், சீசன் நடுவுல டிசம்பர்ல கோச்சை மாத்தி மைக் சலிவன் வந்ததும் டீமோட வேகமே மாறிடுச்சு. எட்டாவது 2018 வாஷிங்டன். அதுல ஒரே ஒரு நொடி சொல்றேன். ஃபைனல் ரெண்டாவது மேட்ச், வாஷிங்டன் 3-2ன்னு முன்னாடி, ரெண்டு நிமிஷம் மிச்சம், வேகஸோட அலெக்ஸ் டக் முன்னாடி காலி வலை. வாஷிங்டன் கோல்கீப்பர் ஹோல்ட்பி அந்தப் பக்கத்துல இருந்து பாய்ஞ்சு ஸ்டிக்கை நீட்டினாரு, பக் ஸ்டிக்கோட அகலமான பகுதியில பட்டு திரும்பிச்சு. அது போயிருந்தா வாஷிங்டன் கேப்டன் ஒவெச்கினுக்கு கப் வந்திருக்குமான்னு எனக்கு இன்னிக்கும் சந்தேகம்தான். ஒன்பதாவது 2017 பிட்ஸ்பர்க், முக்கிய டிஃபென்ஸ்மேன் லெட்டாங் இல்லாம ஆடினாங்க, ஆனா அவர் இல்லாதது ஒவ்வொரு மேட்ச்லயும் தெரிஞ்சுச்சு, ஃபைனல் முதல் மேட்ச்ல 37 நிமிஷம் ஒரு ஷாட் கூட எடுக்கல, அப்புறமும் 5-3ன்னு ஜெயிச்சாங்க. கோல்கீப்பரும் கேப்டன் கிராஸ்பியும் காப்பாத்தினாங்க. நான் மேல சொன்ன கணக்குக்கு அது கீழதான் வரும்.

பெண்கள் லீக்கை ஏன் யாருமே பேசறதில்ல?

பேசணும். மின்னசோட்டா ஃப்ராஸ்ட், 2024, 2025 ரெண்டு வருஷமும் பெண்கள் லீக் PWHLஓட வால்டர் கப், ரெண்டு தடவையும் நாலாவதா உள்ள வந்த டீம். 2024ல முதல் இடத்துல இருந்த டொரன்டோ எதிரியை தானே தேர்ந்தெடுக்கலாம்னு ரூல், மின்னசோட்டாவை எடுத்தாங்க, 2-0ன்னு முன்னாடி போனாங்க, 3-2ன்னு தோத்தாங்க. அந்த வருஷம் பாஸ்டனோட ஆடின ஃபைனல் நாலாவது மேட்ச்ல ரெண்டாவது ஓவர்டைம்ல கோல் விழுந்துச்சுன்னு மின்னசோட்டா கையுறையெல்லாம் தூக்கி எறிஞ்சு கட்டிப்பிடிச்சு கொண்டாடிட்டாங்க, ரீப்ளே பாத்து கோல் இல்லன்னுட்டாங்க, கொஞ்ச நேரத்துல பாஸ்டன் கோல் அடிச்சு முடிச்சுடுச்சு. அந்த அடியை வாங்கிட்டு அஞ்சாவது மேட்சை 3-0ன்னு ஜெயிச்சாங்க. 2025 ஃபைனல்ல நாலு மேட்சும் ஓவர்டைம். லிஸ் ஷெப்பர்ஸ் ரெண்டு வருஷமும் கப்பை முடிவு பண்ண கோல் அடிச்சாங்க. ரெண்டு லீக்கையும் ஒரே லிஸ்ட்ல போட முடியும்னா இவங்களை முதல் நாலுக்குள்ள வச்சிருப்பேன்.

கப்புல இருந்து பழைய பேரை எல்லாம் எடுத்துடுவாங்களாமே, உண்மையா அண்ணா?

உண்மைதான். கப்போட அடிப்பகுதியில அஞ்சு வளையம், ஒண்ணுல சுமார் 13 டீம் பேர் பொறிக்கலாம். நிறைஞ்சதும் மேல இருக்கிற பழைய வளையத்தை கழட்டிட்டு கீழ புதுசு மாட்டுவாங்க. 2018ல அப்படித்தான் 1954ல இருந்து 1965 வரைக்கும் உள்ள வளையம் வெளிய வந்துச்சு, மாரிஸ் ரிச்சர்ட், கோர்டி ஹோ மாதிரி அந்தக் காலத்து ஜாம்பவான்கள் பேரெல்லாம் அதுல. புது வளையம் வாஷிங்டன்ல ஆரம்பிக்குது, 2030 சாம்பியன் வரைக்கும் இடம் இருக்கும். அதுக்கப்புறம் கழட்ட வேண்டியது 1966ல இருந்து ஆரம்பிக்கிற வளையம், லீஃப்ஸ் கடைசியா ஜெயிச்ச 1967 அதுலதான் இருக்கு. கழட்டினதெல்லாம் டொரன்டோ டவுன்டவுன்ல ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம்ல, பழைய பேங்க் கட்டடத்தோட பெட்டக அறையில வச்சிருக்காங்க. போனா 1963 வரிசையை தேடிப் பாருங்க, லீஃப்ஸ்ங்கற பேர்ல ஒரு எழுத்து தப்பா பொறிச்சிருப்பாங்க, இன்னிக்கு வரைக்கும் திருத்தல.