பியானோவில் ஸ்கேல் வாசிக்க எந்த விரல் எங்கே?

ஸ்கேலின், அதாவது வரிசையாக ஏறி இறங்கும் ஸ்வரங்களின், எட்டு ஸ்வரங்களுக்கு ஐந்து விரல்கள் எப்படிப் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். விடை கட்டைவிரலில் இருக்கிறது.

விரல்களுக்கு எண் உண்டு: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வெள்ளைக் கட்டைகள் மட்டுமே வரும் சி மேஜர் ஸ்கேலில் வலது கை மேலேறும்போது 1-2-3 முடிந்ததும் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து எஃப் கட்டையைப் பிடிக்கும், அங்கிருந்து 1-2-3-4-5. இடது கைக்கு 5-4-3-2-1, பிறகு நடுவிரல் மேலே தாண்டி வந்து 3-2-1. இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக.

பலர் தடுமாறுவது அந்த நுழையும் இடத்தில்தான். கடைசி நொடியில் கட்டைவிரலைத் திணித்தால் மணிக்கட்டு குலுங்கும், அந்த ஒரு ஸ்வரம் மட்டும் உரக்க ஒலிக்கும். சுட்டுவிரல் அழுத்தும்போதே கட்டைவிரல் உள்ளே நகரத் தொடங்கட்டும். முழங்கையைத் தூக்காதீர்கள், தயவுசெய்து!

ஸ்கேல்களில் கட்டைவிரலைக் கருப்புக் கட்டையில் வைப்பதில்லை. அதனால்தான் எஃப் மேஜரில் வலது கையின் நான்காம் விரல் பி ஃபிளாட் என்ற கருப்புக் கட்டையைத் தொட்ட பிறகு கட்டைவிரல் சி கட்டைக்கு வருகிறது.

பியானோ இசையமைப்பாளர் ஷோபான் தம் மாணவர்களுக்கு முதலில் கொடுத்தது பி மேஜர். நீண்ட விரல்கள் கருப்புக் கட்டைகளில் இயல்பாக அமர்வதே காரணம். சி மேஜர் கண்ணுக்கு எளிது, கைக்குக் கடினம் என்றே நானும் நினைக்கிறேன். முதல் சில வாரங்கள் இரு கைகளையும் தனித்தனியாகப் பழக்குங்கள்.