சங்கிலியை அடகு வைத்து சிலிண்டர் வாங்கலாமா?

கேள்வி: மசகு எண்ணெய் (கச்சா எண்ணெய்) விலை ஏறுவதாகத் தினமும் செய்தி வருகிறது. யாழ்ப்பாணம் கொக்குவிலில் நாங்கள் நான்கு பேர். 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்று 45 நாள் வரும். 2022 தட்டுப்பாட்டு வரிசைகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. சங்கிலியை அடகு வைத்து, மேலதிகமாக இரண்டு சிலிண்டர் வாங்கி வைத்தால் லாபமா?

பதில்: வேண்டாம் அம்மா. சங்கிலி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, சிலிண்டர் 4,000 ரூபாய், அது 800 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டரைப் பதுக்கினால் மிஞ்சுவது 1,600 ரூபாய், அதுவும் ஒரே ஒரு தடவை. வெற்றுச் சிலிண்டர்களின் விலையும் சேர்த்து 30,000 ரூபாய்க்கு அடகு வைத்து, நூற்றுக்கு ஒன்றரை மாத வட்டி என்றால், மாதம் 450 ரூபாய் போகும். நாலாவது மாதத்தில் லாபத்தை வட்டி விழுங்கிவிடும்.

மசகு எண்ணெய் ஏறிய மறுநாளே எரிவாயுவும் அதே அளவு ஏறும் என்பதும் இல்லை. நம் அடுப்பில் எரிவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஒரு பகுதியும், இயற்கை எரிவாயுவிலிருந்து இன்னொரு பகுதியும் கிடைக்கிறது. சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அரம்கோ, புரொப்பேன், பியூட்டேன் இரண்டுக்கும் மாதந்தோறும் தனித்தனியே விலை அறிவிக்கும், அதுதான் அடிப்படை. அதன்மேல் கப்பல் கூலி, டொலர் மாற்று விலை, கொழும்புக்கு அருகே கெரவலப்பிட்டியிலிருந்து ஏ9 வீதி வழியாக இங்கே வரும் லொறிச் செலவு. கொழும்பை விட நாம் கூடுதலாகக் கொடுப்பது இதனால்தான். குளிர்நாடுகள் வீட்டைச் சூடாக்க புரொப்பேன் எரிக்கும் மாதங்களில், மசகு எண்ணெய் அசையாமல் கிடந்தாலும் எரிவாயு விலை ஏறுவதுண்டு.

2022 ஏப்ரலில் அரச எரிவாயு நிறுவனமான லிட்ரோவின் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்குத் தாவியது. உக்ரைன் போரால் எண்ணெய் ஏறியது உண்மைதான். ஆனால் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 300ஐத் தாண்டியதே பெரிய அடி. ஆகவே செய்தியில் பீப்பாய் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பதறாதீர்கள். டொலர் விலையையும் கேளுங்கள்.

நான் பார்ப்பது விலையை அல்ல, ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதை. இப்போது வருடத்துக்கு எட்டு சிலிண்டர், 4,000 ரூபாய்ப்படி 32,000 ரூபாய். அதே சிலிண்டரை 55 நாளுக்கு இழுத்தால் ஏறக்குறைய ஆறரை போதும். விலை 4,800 ஆனாலும் செலவு 32,000ஐத் தாண்டாது. அந்தப் பத்து நாளும் உங்கள் வளவிலேயே கிடக்கிறது: பனை மட்டை, கொக்கறை, சிரட்டை. வெந்நீரையும் நெல் அவிப்பதையும் வெளி அடுப்புக்கு மாற்றுங்கள். கடலையை இரவே ஊறப் போடுங்கள். மண்ணெண்ணெய் பக்கம் மட்டும் போக வேண்டாம். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு அதில் ஒரு பாசம் உண்டு, ஆனால் 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதை மறக்கக் கூடாது.

வரிசைப் பயம் தீரவில்லை என்றால், சேமிப்பிலிருந்து மேலதிகமாக ஒன்றே ஒன்று வாங்குங்கள். அது தட்டுப்பாட்டுக்கு, லாபத்துக்கு அல்ல. படுக்க வைக்காமல், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள்; கசிந்தால் இந்த வாயு காற்றை விடக் கனமானது, தரையோடு தேங்கும். மாற்றும் நாளைச் சிலிண்டரிலேயே சோக்கால் எழுதிவிடுங்கள்.