சமீபத்தில் வந்த தமிழ்ப் படங்களில் ‘ஒரு தடவை பார்க்கலாம்’ ரகம் எவை? சென்னையில் தியேட்டருக்குப் போகலாமா, ஓடிடியில் பார்த்தால் போதுமா?

இந்த ரகப் படங்களுக்குத்தான் ஒழுங்கான விமர்சனமே கிடைப்பதில்லை. “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்” என்று முதல் காட்சி முடிந்ததுமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எங்கே இழுக்கிறது, ஏன் இழுக்கிறது என்று தெரிந்து உட்கார்ந்தால் இவற்றில் பல நல்ல மாலைப் பொழுதைத் தரக்கூடியவை. கீழே கதைப் போக்கு கொஞ்சம் வெளிப்படும். முடிவுகளைச் சொல்லவில்லை.

முதலில் ‘மாரீசன்’ (2025). இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. திருடப் போன வீட்டில் ஃபகத் பாசில் ஒரு பெரியவரைப் பார்க்கிறார். அவர் வடிவேலு, மறதி நோய்க்காரர். அவர் கணக்கில் நிறையப் பணம் இருப்பது ஏடிஎம்மில் தெரிந்ததும், பைக்கில் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவண்ணாமலையை நோக்கிக் கிளம்புகிறார். இந்தப் பைக் பயணம்தான் படத்தின் உயிர். பைக்கில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் முகம் தெரியாது. நமக்கு இரண்டு முகமும் தெரியும். ஃபகத் ஏமாற்றத் திட்டம் போடுவதையும், பின்னால் வடிவேலு எதையோ யோசித்து நிறுத்துவதையும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். வடிவேலு காமெடிக்கான உடல்மொழியை முழுக்க ஒதுக்கி வைத்துவிட்டு, கண்ணையும் குரலையும் மட்டும் வைத்து நடித்திருக்கிறார். ‘மாமன்னன்’ பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல என்றாலும் இங்கே அளவு இன்னும் நுணுக்கம்.

சறுக்குவது இடைவேளைக்குப் பிறகு. அதுவரை “இவர் யார்?” என்ற கேள்வியில் ஓடிய படம், “இவர் ஏன் இப்படி?” என்று விளக்கம் சொல்ல உட்காருகிறது. நீளமான ஃபிளாஷ்பேக், போலீஸ் விசாரணை, பழிவாங்கல் எல்லாம் வந்து சேர்கின்றன. எடுத்துக்கொண்ட விஷயம் கனமானது, அதில் குறை இல்லை. ஆனால் பைக்கில் இருந்த இரண்டு பேரின் உறவு அங்கே ஓரமாகப் போய்விடுகிறது.

இது ஒரு படத்தின் கோளாறு அல்ல. நம் ஊரில் திரைக்கதையை இடைவேளையை வைத்துத்தான் கட்டுகிறார்கள். இன்டர்வெல் பிளாக்கில் ஒரு பெரிய திருப்பம் வைத்தாக வேண்டும். வைத்த பிறகு கையில் இன்னும் 70, 75 நிமிடம் மிச்சம் இருக்கும். அதை நிரப்ப எளிய வழி 20 நிமிட ஃபிளாஷ்பேக். புதிர் உடைந்த பிறகு வருகிற விளக்கத்துக்கு வேகம் இருக்காது, அதைத்தான் நாம் ‘லேக்’ என்கிறோம்.

‘விடாமுயற்சி’யிலும் (2025) அதே கதைதான். அஜர்பைஜான் நெடுஞ்சாலையில் கார் நிற்கிறது, மனைவியைக் காணவில்லை. பில்டப் இல்லாமல், அடி வாங்கிக்கொண்டு தேடுகிற அஜித்தை அவ்வளவு நேரம் காட்டியதே தைரியம். வில்லன்களின் பின்கதை தொடங்கியதும் சூடு இறங்குகிறது.

‘வீர தீர சூரன்’ (2025) இதைவிட ஒரு படி மேல். கிட்டத்தட்ட ஒரே இரவு. மளிகைக் கடை வைத்துக் குடும்பத்தோடு இருக்கும் விக்ரமை, பழைய முதலாளி ஒரு வேலைக்கு இழுக்கிறார். எஸ்.பி.யாக வரும் எஸ்.ஜே. சூர்யாவுக்காக விக்ரம் ரோடில் வெடி புதைத்துவிட்டுக் காத்திருக்கும் பகுதியில் வசனமே தேவைப்படவில்லை, டென்ஷன் தானாக ஏறுகிறது. கடைசிப் பகுதியில் வரும் நீண்ட ஒற்றை ஷாட்டுக்காகவே பார்க்கலாம். நடுவில் ஃபிளாஷ்பேக் புகுந்து அந்த இரவை உடைத்ததுதான் குறை. முதலில் வந்ததே இரண்டாம் பாகம் என்பதால் சில பகைகளின் வேரும் நமக்குப் பிடிபடாது, அதைத் தேடிக் குழம்ப வேண்டாம்.

‘3பிஹெச்கே’ (2025) வேறு வகை. சென்னையில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், சொந்த வீடு வாங்கப் பல வருடம் பாடுபடுகிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்து வீடு மாறியவர்களுக்குக் கதையைத் தனியாக விளக்கவே வேண்டாம். சரத்குமார், தேவயானி, சித்தார்த், மீதா ரகுநாத் நான்கு பேரும் உட்கார்ந்து, சேர்ந்த பணத்தைக் கணக்குப் பார்க்கிற காட்சிகள் நிஜம். சரத்குமார் தோற்றுப்போன அப்பாவாகக் குரலே உயராமல் நடித்திருப்பது, இத்தனை வருட அவர் படங்களில் அபூர்வம். பிரச்சனை எங்கே என்றால், பணம் சேரும், ஒரு செலவு வரும், வீடு தள்ளிப்போகும் என்பது ஒரே அச்சில் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூன்றாவது தடவை அப்பா சிரிக்கும்போதே அடுத்த அடி வரப்போவது தெரிந்துவிடும். பள்ளி மாணவனாக சித்தார்த்தை ஏற்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பெற்றோரோடு சேர்ந்து வீட்டில் பாருங்கள், பாதியில் நிறுத்தி அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள், அதுவும் நல்லதுதான்.

‘சொர்க்கவாசல்’ (2024) பெரிதாகப் பேசப்படாமல் போனது வருத்தம். 1999இல் சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரத்தை அடிப்படையாகக் கொண்ட படம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தச் சிறையில் இருந்தவர்களை 2006இல் புழலுக்கு மாற்றினார்கள், 2009இல் கட்டடத்தை இடித்தார்கள். அந்த உலகத்தைத் திரையில் அக்கறையாக எழுப்பியிருக்கிறார்கள். ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்து, செய்யாத குற்றத்துக்கு உள்ளே போகும் ஆர்.ஜே. பாலாஜி மாறிக்கொண்டே போவது நம்பும்படி இருக்கிறது. விசாரணைக் கமிஷன் முன்னால் ஆளாளுக்குச் சொல்வதாகக் கதை நகர்வதால், ஒருவர் மேல் மனம் ஒட்டும்போது வேறொருவர் பேசத் தொடங்குகிறார். முதல் 20 நிமிடம் போனைத் தொடாமல் பெயர்களைப் பிடித்துக்கொண்டால் பிறகு சிரமம் இல்லை.

இனி தியேட்டரா, வீடா என்பது. இப்போது பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. 2025 ஜூலை 25இல் வெளியான ‘மாரீசன்’ ஆகஸ்ட் 22இல் வந்துவிட்டது. சென்னை மல்டிபிளெக்ஸில் டிக்கெட் 190 ரூபாய் அளவில், அதோடு புக்கிங் கட்டணம், பார்க்கிங், பாப்கார்ன். நான்கு பேர் போனால் ஆயிரத்தைத் தாண்டும். அதனால் சத்தமும் இருட்டும் முக்கியமான படத்துக்கு மட்டும் தியேட்டர். மேலே சொன்னவற்றில் ‘வீர தீர சூரன்’ மாதிரி படம் வந்தால் முதல் வாரமே போய்விடுங்கள். பேச்சில் நகரும் படத்துக்கு நான்கு வாரம் பொறுக்கலாம்.

இரவுக் காட்சிகள் நிறைந்த படத்தை வீட்டில் பார்க்கும்போது “ஒண்ணுமே தெரியல” என்று பலர் சொல்வதற்குப் படம் காரணம் இல்லை. பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும். நெட் வேகம் குறைந்தால் இருட்டான இடங்கள் கட்டம் கட்டமாக உடையும். டிவி ‘விவிட்’ மோடில் இருந்தால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ மோடுக்கு மாற்றி, அசைவை வழவழப்பாக்கும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் படமும் சீரியல் மாதிரி வழுக்கும். ஆப்பில் டேட்டா சேவர் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள். ‘வீர தீர சூரன்’ படத்தின் அந்த ஒற்றை ஷாட்டில் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பது அப்போதுதான் புரியும்.