பேயை அடிக்க முடியவில்லை என்பதுதான் உங்கள் குறையா?

கேள்வி: ஸ்வீடன் நாட்டுப்புறக் கதைகளை வைத்துச் செய்த 'இயர் வாக்' என்ற கேமை, நண்பர்கள் ஆஹா ஓஹோ என்றார்களே என்று கம்ப்யூட்டரில் வாங்கி விளையாடினேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பனியில் நடக்கிறோம், நடந்துகொண்டே இருக்கிறோம். கையில் ஆயுதம் இல்லை, ஒரு பேயைக்கூட அடிக்க முடியவில்லை. முடிவும் பாதியில் அறுந்த மாதிரி இருந்தது. இதை ஏன் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்?

பதில்: நீங்கள் அந்த கேமை இன்னும் முடிக்கவே இல்லை. மெனுவில் 'கம்பானியன்' என்று ஒன்று இருக்கிறதே, அதைத் திறந்து பார்த்தீர்களா? 2013-ல் ஐபோனிலும் ஐபேடிலும் வந்தபோது அது தனி ஆப். அடுத்த ஆண்டு கம்ப்யூட்டருக்கு வந்தபோது கேமுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் கேமில் வரும் ஆவிகளைப் பற்றிய சின்ன கலைக்களஞ்சியம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு பகுதி பூட்டிக் கிடக்கிறது. நீங்கள் 'அறுந்துவிட்டது' என்று சொல்லும் இடத்தில் கிடைக்கிற குறிப்புதான் அதற்குச் சாவி. உள்ளே தியோடர் ஆல்ம்ஸ்டென் என்ற ஆராய்ச்சியாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. ஆள் கற்பனைப் பாத்திரம்தான், ஆனால் அவர் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கேமுக்குள் போனால்தான் நீங்கள் நடத்திக் கூட்டிப்போகும் டேனியலுக்கும் அவன் காதலிக்கும் ஸ்டினாவுக்கும் நடந்ததன் மிச்சம் தெரியும். அது என்ன என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.

சரி, ஆயுதம் இல்லை என்ற குறைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு உங்களோடு உண்மையான சண்டை அங்கேதான். இந்தக் கதை 'ஓர்ஸ்கோங்' என்ற பழைய சடங்கின் மேல் நிற்கிறது. தென் ஸ்வீடனின் ஸ்மோலாண்ட் போன்ற பகுதிகளில் இதைப் பற்றிய கதைகள் நிறையச் சேகரிக்கப்பட்டிருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவோ, புத்தாண்டுக்கு முந்தின இரவோ நடப்பது இது. அன்றைக்கு முழுக்கச் சாப்பிடக் கூடாது, நெருப்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது, இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும், யாரோடும் பேசக் கூடாது. நடு இரவில் கிளம்பித் தேவாலயத்துக்குப் போய், அதை இடப்பக்கமாகச் சுற்றி வந்து, கதவின் சாவித்துவாரத்தில் வாயை வைத்து ஊத வேண்டும். அந்த ஊதலோடு சடங்கு செய்கிறவன் தன் கிறிஸ்தவ நம்பிக்கையைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்துவிடுகிறான் என்பது நம்பிக்கை. அப்புறம்தான் வரப்போகும் ஆண்டு கண்ணுக்குத் தெரியும்: யார் சாவார்கள், எந்த இடத்தில் புதுக் குழி, விளைச்சல் எப்படி. வழியில் எது எதிரே வந்தாலும் விதியை மீறக் கூடாது, மீறினால் பைத்தியம் பிடிக்கும் அல்லது உயிர் போகும். இப்படி ஒரு சடங்கில் நடக்கிறவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் அந்த நிமிஷமே சடங்கு செத்துவிடும். எதிர்க்க வழியில்லாமல் போவதுதான் இங்கே பயம், அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது பனியும் மரமும்தான்.

நீங்கள் ஓடையில் எழுந்து நின்ற குதிரைத்தலை உருவத்தைப் பார்த்திருப்பீர்கள், கோட்டுப் போட்டுக்கொண்டு கனவானைப் போல நிற்கும். நான்கு குழந்தைகளைக் கொண்டுவரச் சொல்லும். நீங்களும் புதிர்தானே என்று தேடிக் கொடுத்திருப்பீர்கள். அந்தக் குழந்தைகள் யார் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? அவர்களுக்குப் பெயர் மீலிங். ஞானஸ்நானம் பெறாமல், பெரும்பாலும் பெற்றவளாலேயே கொல்லப்பட்டு, காட்டிலோ வீட்டுத் தரைக்குக் கீழேயோ ரகசியமாகப் புதைக்கப்பட்ட சிசுக்கள். இரவில் தனியாகப் போகிறவன் முதுகில் ஏறிக்கொண்டு, தேவாலயத்து இடுகாட்டில் என்னைப் புதை என்று கேட்கும். இடுகாட்டை நெருங்க நெருங்க அதன் கனம் கூடிக்கொண்டே போய், சுமக்கிறவனையே மண்ணுக்குள் அழுத்திவிடும் என்பது கதை.

இந்த நம்பிக்கைக்கு அடியில் இருப்பது நிஜம். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளை 17-ம் நூற்றாண்டு ஸ்வீடனில் தேவாலயத்தில் சபை முன்னால் நிறுத்திப் பாவத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து சிசுவைக் கொன்றால் மரண தண்டனை. இப்படிச் சாகும் பெண்கள் அத்தனை பேர் இருந்ததால்தான் 1778-ல் அரசர் மூன்றாம் குஸ்தாவ் ஒரு ஆணை போட்டார்: தெரியாத ஊருக்குப் போய், தான் யார் என்று சொல்லாமலே ஒரு பெண் பிரசவித்துக்கொள்ளலாம், அவளை யாரும் விசாரிக்கக் கூடாது. ஊர் பார்க்க மறுத்த பிள்ளைகள்தான் காட்டில் அழுகின்றன. அதை அடித்துப் புள்ளி வாங்க வேண்டும் என்கிறீர்களா? எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அந்த நான்கு குழந்தைகளை இடுகாட்டுக்கு இல்லாமல் ஓடைக்குக் கொண்டுபோகிறோமே என்பதும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்வீடன் கதைகளில் அந்த ஓடைக்குதிரை பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மூழ்கடிப்பது. ஏற ஏற முதுகு நீளுமாம், இன்னும் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்குமாம். அதன் கையில்தான் நாம் ஒப்படைக்கிறோம், முன்னே போக வேறு வழியில்லை என்பதற்காக. இத்தனையையும் பெரிய வசனம் எதுவும் இல்லாமல், விரல் அசைவில் நம்மையே செய்ய வைத்துவிடுகிறார்கள்.

செய்தது பெரிய கம்பெனியும் இல்லை. ஸ்வீடனின் மால்மோ நகரில் சைமன் ஃபிளெஸ்ஸர், மேக்னஸ் யார்டெபெக் என்ற இருவர் தொடங்கிய சிமோகோ. இதற்கு முன்னால் கலகலப்பான சின்ன விளையாட்டுகள் செய்தவர்கள். கதை, யோனாஸ் டரெஸ்டட் குறும்படத்துக்காக எழுதி வைத்திருந்தது. இசை டேனியல் ஓல்சென். ஹுல்ட்ரா என்ற காட்டுப்பெண் வரும் இடத்தில் கண்ணை விடக் காதுதான் உதவும், ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் பாதி போயிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதலில் வந்த பதிப்பில் வரைபடமே இல்லை. ஒரே மாதிரி மரங்களுக்கு நடுவே எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றுவது எரிச்சல்தான், பயம் இல்லை. கம்ப்யூட்டர் பதிப்பில் வரைபடமும் துப்பும் சேர்த்தது சரியான முடிவு. இரண்டு மணி நேரம்தானா என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஒரே இரவில் நடந்து முடிகிற கதையை இருபது மணி நேரம் இழுத்தால் அதில் என்ன இருக்கும்?

இன்றைக்கு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கம்பானியனைத் திறங்கள். முதலில் மீலிங் பக்கம், அப்புறம் பூட்டு. நாட்குறிப்பைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மறுபடி டேனியலின் குடிசைக்குப் போங்கள். அதற்குப் பிறகும் ஏமாற்றமாகவே இருந்தால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.