ஏ.டி.பி. எதற்கு: வெட்டவா, நகரவா?

கேள்வி: பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் சிறு வட்ட டி.என்.ஏ.) கரைசலில் கலந்துவிட்ட குரோமோசோம் டி.என்.ஏ. துண்டுகளை நீக்க, டி.என்.ஏ.வை நுனியிலிருந்து சிதைக்கும் எக்ஸோநியூக்ளியேஸ் 5 என்ற நொதியைப் பயன்படுத்துகிறோம். அதற்கு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) கட்டாயம் என்கிறார்கள். டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் ஈகோ ஆர் 1 நொதி ஏ.டி.பி. இல்லாமலே வெட்டுகிறதே, ஏன்? சில சமயம் துண்டுகள் சிதைவது பாதியிலேயே நின்றுவிடுவது எதனால்?

பதில்: டி.என்.ஏ. இழையின் அலகுகளைக் கோக்கும் பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பை நீரால் உடைக்க வெளியிலிருந்து ஆற்றல் வேண்டியதில்லை. அது ஆற்றலை வெளியிடும் வினை. தானாக நடப்பதென்றால் மிக மிக மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். மெக்னீசியம் அயனியின் உதவியோடு அதை விரைவுபடுத்துவதே ஈகோ ஆர் 1-இன் வேலை. அதில் ஏ.டி.பி. ஊற்றுவது வீண்.

எக்ஸோநியூக்ளியேஸ் 5 என்பது ஈ.கோலை பாக்டீரியாவின் ரெக்பிசிடி கூட்டு நொதி. இதில் 'பி', 'டி' என்ற பகுதிகள் இரண்டும் மோட்டார்கள். ஆளுக்கோர் இழையைப் பற்றிக்கொண்டு இரட்டைச் சுருளைப் பிரித்தபடி ஓடுகின்றன. வேகம் வினாடிக்குச் சுமார் 1,000 கார இணைகள் (சுருளின் இரு இழைகளையும் சேர்க்கும் படிகள்). ஏ.டி.பி. செலவாவது இந்த ஓட்டத்துக்குத்தான். வெட்டும் பகுதி 'பி'யில் மட்டும் உண்டு. அதுவும் மெக்னீசியத்தை நம்பியே இருக்கிறது. நுனி கிடைத்தால்தான் மோட்டார் ஏற முடியும். வட்டமான பிளாஸ்மிட் தப்புவது அதனால்தான். ஓரிழையில் கீறல் விழுந்த வட்டமும் தப்பிவிடும்.

பாதியில் நின்றால் முதலில் ஏ.டி.பி. கணக்கைப் பாருங்கள். ஓர் இணையைப் பிரிக்க ஏறத்தாழ 2 ஏ.டி.பி. செலவாகும். 1 மைக்ரோகிராம் டி.என்.ஏ.வில் சுமார் 1.5 நானோமோல் இணைகள். ஆக 3 நானோமோல் ஏ.டி.பி. வேண்டும். 1 மில்லிமோலார் ஏ.டி.பி. உள்ள 50 மைக்ரோலிட்டர் கலவையில் இருப்பதே 50 நானோமோல். 20 மைக்ரோகிராம் துண்டுகளைப் போட்டால் எரிபொருள் தீர்ந்து நொதி சும்மா நிற்கும். பலமுறை உறைந்து உருகிய ஏ.டி.பி. என்றால் அதற்கு முன்பே தீரும். சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

அதற்காக ஏ.டி.பி.யை அள்ளிப் போடவும் கூடாது. அது மெக்னீசியத்தைக் கட்டிப்போடும். மெக்னீசியத்தை மிஞ்சினால் இழைகள் பிரியும், ஆனால் பெரிதாக வெட்டுப்படாது. 10 மில்லிமோலார் மெக்னீசியத்துக்கு 1 மில்லிமோலார் ஏ.டி.பி. சரியான அளவு. 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் வையுங்கள். நிறுத்த, மெக்னீசியத்தைவிடச் சற்றே கூடுதலாக, 11 மில்லிமோலார் இ.டி.டி.ஏ. (மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) சேர்த்து 70 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குங்கள். அடுத்து ஈகோ ஆர் 1 போடுவதாக இருந்தால் இந்த இ.டி.டி.ஏ.வைத் தூண் வடிகட்டியில் நீக்கிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லையெனில் அதற்கும் மெக்னீசியம் கிடைக்காது.