சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன், என் மேல் வழக்கு வருமா?

கேள்வி: திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டுக்கு இரவு பத்தரை மணி வாக்கில் மனைவியோடு காரில் வந்துகொண்டிருந்தேன். ஆத்தூர் டோல்கேட்டைத் தாண்டியதிலிருந்து முன்னால் போன கார் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாக அலைந்துகொண்டே போனது. இரண்டு முறை சென்டர் மீடியனில் இடிக்கப் பார்த்தது. மதுராந்தகம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றது. ஓட்டியவர் தள்ளாடியபடி இறங்கினார், மது வாடை வீசியது. டீ குடித்துவிட்டு மறுபடியும் கிளம்பப் பார்த்தார். என் காரைக் குறுக்கே நிறுத்தி, அவர் வண்டியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு 100க்குப் போன் செய்தேன். 40 நிமிடம் கழித்துப் போலீஸார் வந்தார்கள், அவரை ஊதச் சொன்னார்கள், சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நான் வழிமறித்து மிரட்டியதாக அவர் புகார் கொடுத்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து என்னை வரச் சொல்கிறார்கள். நான் செய்தது குற்றமா? டேஷ்கேமில் பதிவான வீடியோவை எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். இனி இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும்?

– வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் மேல் வழக்குப் பதிய இடம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நல்ல எதிர்வாதமும் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க முதலில் ஒரு காரியம் செய்யுங்கள்: வாட்ஸ்அப் குழுவில் போட்ட வீடியோவை இன்றே நீக்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஒருவர் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 126ஆம் பிரிவில் வரும் குற்றம். தண்டனை ஒரு மாதம் வரை சாதாரணச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். அடித்ததாகவோ கையை முறுக்கியதாகவோ அவர் புகாரில் எழுதியிருந்தால் 115(2) பிரிவும் சேரலாம், அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சாவியை எடுத்தது திருட்டு ஆகாது. உங்களுக்கு ஆதாயம் தேடும் எண்ணம் இல்லை, போலீஸ் வந்ததும் கொடுத்துவிட்டீர்கள்.

“கண்ணெதிரே குற்றம் நடந்தால் பொதுமக்களே பிடிக்கலாம்” என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு தனிநபருக்குக் கைது செய்யும் அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் அந்தக் குற்றம் ஜாமீனில் விட முடியாததாகவும், வாரன்ட் இன்றிப் போலீஸ் கைது செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் வருகிறது. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி தன் கண்முன் அது நடந்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆகவே அந்த 40ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. ஸ்டேஷனில் “நான் அவரைக் கைது செய்தேன்” என்ற பொருளில் எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கைகொடுப்பது நியாய சன்ஹிதாவின் 19ஆம் பிரிவு. குற்ற எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு, பெரிய தீங்கு ஒன்றைத் தடுக்கச் சிறு தீங்கு செய்தால் அது குற்றமாகாது என்கிறது அது. ஆபத்து அவ்வளவு நெருங்கி வந்திருந்ததா என்பதைச் சம்பவத்தின் தன்மையை வைத்து நீதிமன்றம் முடிவு செய்யும். உங்கள் விஷயத்தில் மூன்று அம்சங்கள் சாதகமாக இருக்கின்றன. ஓடிக்கொண்டிருந்த வண்டியை நீங்கள் மறிக்கவில்லை, நின்ற வண்டியைத்தான். அவர் கிளம்ப முனைந்தபோதுதான் சாவியை எடுத்தீர்கள். எடுத்த கையோடு 100க்குப் போன் செய்தீர்கள். இதே காரியத்தை நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்து குறுக்கே பிரேக் போட்டுச் செய்திருந்தால் இந்த வாதம் நிற்பது கஷ்டம். பின்னால் வந்த லாரி உங்கள் இரு வண்டிகளின் மேலும் ஏறியிருந்தால், அபாயகரமாக ஓட்டிய வழக்கில் முதல் ஆளாக நிற்பவர் நீங்கள்தான்.

சட்டத்தில் நல்லெண்ணம் என்றால் உரிய கவனத்தோடு செய்தது என்று பொருள். “குடிகாரன் என்று பார்த்ததுமே தெரிந்தது” என்று சொன்னால் போதாது. எத்தனை கிலோமீட்டர் பின்னால் வந்தீர்கள், எந்த இடத்தில் மீடியனை ஒட்டிப் போனார், இறங்கும்போது எதைப் பிடித்துக்கொண்டார், என்ன பேசினார், நீங்கள் முதலில் வாயால் சொல்லிப் பார்த்தீர்களா என்பதையெல்லாம் இன்றே தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் மனைவி தனியாக எழுதட்டும். இருவரும் சேர்ந்து எழுதினால் வார்த்தைகள் ஒன்றுபோல வந்து, குறுக்கு விசாரணையில் அதுவே எதிராகத் திரும்பும்.

அடுத்து, காணாமல் போகும் ஆதாரங்கள். ஆத்தூரில் ஃபாஸ்டாக் பணம் பிடித்த குறுஞ்செய்தி உங்கள் நேரத்தையும் வழியையும் காட்டும், அழிக்காதீர்கள். செல்போனில் 100க்கு அழைத்த பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். டீக்கடைக் கேமராவில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், கட்டுப்பாட்டு அறையின் குரல் பதிவும் என்றென்றைக்கும் இருக்காது. இரண்டையும் பாதுகாத்து வைக்கக் கோரி ஸ்டேஷனுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். டேஷ்கேமின் மெமரி கார்டைக் கழற்றி உறையில் போட்டு வையுங்கள், அதே கார்டை மறுபடி போட்டு ஓட்டினால் அதன் மேலேயே புதுப் பதிவு விழும். வாட்ஸ்அப்பில் போன வீடியோ சுருங்கிவிடுவதால் அது அசலுக்கு இணையில்லை. நீதிமன்றத்தில் காட்ட, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படியான சான்றிதழோடு அசலிலிருந்து எடுத்த பிரதிதான் வேண்டும்.

வீடியோவை நீக்கச் சொன்னதன் காரணம் இதுதான். நம்பர் பிளேட்டும் முகமும் தெரிய, “குடிபோதை ஆசாமி” என்று எழுதிப் பரப்பினால் நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு வழக்குப் போட அவருக்கு வழி கிடைக்கிறது. ஊதும் கருவி காட்டிய ஆல்கஹால் அளவு சட்ட வரம்பான 30 மில்லி கிராமுக்குக் கீழே வந்திருந்தால் அந்த வழக்குக்கு வலு கூடும்.

ஸ்டேஷனுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், அதில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். 35(3) என்றால் உங்களைக் குற்றம் சாட்டப்பட்டவராகப் பார்க்கிறார்கள், வழக்கறிஞரோடு போங்கள். நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜரானால், கைது ஏன் தேவை என்று எழுத்தில் காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. அவருடைய புகார் வெறும் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) நிலையில் இருக்கிறதா, எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகிவிட்டதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இனி அவர் மேலுள்ள வழக்கு. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததாக ஊதும் கருவியோ ரத்தப் பரிசோதனையோ காட்ட வேண்டும். வாடையும் தள்ளாட்டமும் சந்தேகத்துக்குப் போதும், 185ஆம் பிரிவில் தண்டனைக்குப் போதாது. அதனால்தான் இந்த வகை வழக்கில் நேரம் அத்தனை முக்கியம். ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 10 முதல் 20 மில்லி கிராம் வரை குறைந்துகொண்டே போகும். 45 இருந்தவர் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்து இழுத்தடித்தால் 30க்குப் பக்கத்தில் வந்து நிற்பார். கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் விடுவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் சந்தித்த 40 நிமிடத் தாமதம் வழக்கைச் சாய்க்காது. ஊத மறுத்தாலும் ரத்தம் கொடுக்க மறுத்தாலும், தகுந்த காரணம் இல்லையென்றால் 205ஆம் பிரிவு அவருக்கு எதிராக அனுமானிக்க இடம் தருகிறது.

முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். இதை ரோட்டிலேயே ஸ்பாட் ஃபைன் கட்டி முடிக்க முடியாது. சமரசக் கட்டணம் வாங்க அனுமதிக்கும் 200ஆம் பிரிவுப் பட்டியலில் 185 இல்லை, நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே அவர் சொல்லக்கூடிய வாதம் “போலீஸ் வந்தபோது நான் வண்டி ஓட்டவில்லை, டீக்கடையில் நின்றேன்” என்பது. 185ஆம் பிரிவு “ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ” என்றுதான் சொல்கிறது, போலீஸ் அதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும். உங்கள் சாட்சியம் இல்லாவிட்டால் அந்த வழக்கு ஆட்டம் காணும்.

இனி இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால்: முதலில் வேகத்தைக் குறையுங்கள், பின்தங்குங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர் போகிறோம். அந்த வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நிதானமாக ஐந்து எண்ணிய பிறகு நீங்கள் அதே கம்பத்துக்கு வர வேண்டும், அதாவது 110 மீட்டர் இடைவெளி. அவரை ஓவர்டேக் செய்யாதீர்கள், தாண்டும் நேரத்தில்தான் உங்கள் பக்கமாகத் திரும்பிவிடுவார். அவர் பின்னால் வந்தால் இடப்புறம் ஒதுங்கி, லாரி நிறுத்துமிடத்திலோ பெட்ரோல் பங்கிலோ நின்று போகவிடுங்கள். டூவீலரில் இருந்தால் பின்தொடரவே வேண்டாம்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் நீங்களே குற்றவாளி. வீடியோ எடுப்பதும் அதில் அடங்கும். பக்கத்தில் இருப்பவர் பேசட்டும், தனியாக இருந்தால் ஓரம் கட்டிப் பேசுங்கள். அவசர எண் 112 அல்லது 100, சென்னைக்குள் போக்குவரத்துப் போலீஸுக்கு 103, தேசிய நெடுஞ்சாலையில் 1033. பேசும்போது முதலில் இடமும் திசையும்: “திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் பக்கம், இந்த ஊர் தாண்டி, கிலோமீட்டர் கல்லில் இந்த எண்.” பிறகு வண்டி எண், நிறம், மாடல். எண் முழுதும் தெரியாவிட்டால் கடைசி நான்கு இலக்கம். அடுத்த டோல்கேட் எது என்பதையும் சொல்லுங்கள். அங்கே அந்த வண்டி தானாகவே வேகம் குறையும், ரோந்துப் போலீஸ் மறிக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

“குடித்திருக்கிறார்” என்று உறுதியாகச் சொல்லாமல், கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள்: கோட்டின் மேலேயே ஓட்டுகிறார், இருட்டில் விளக்குப் போடவில்லை, காரணமில்லாமல் பிரேக் அடிக்கிறார். சர்க்கரை திடீரென இறங்கியவரும், பக்கவாதம் வந்துகொண்டிருப்பவரும், தூக்கம் சொக்குகிறவரும் இப்படித்தான் ஓட்டுவார்கள். அவர்களுக்கு 108ம் வேண்டும். சந்தேகம் பொய்த்துப் போனால் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படாதீர்கள். பொய்த் தகவலுக்கான நியாய சன்ஹிதாவின் 217ஆம் பிரிவு, பொய் என்று தெரிந்தே சொன்னவர்களுக்குத்தான்.

வண்டி டீக்கடையில் நின்றுவிட்டால், உங்கள் காரைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். கடைக்காரரையும் பக்கத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு, “ஆக்டிங் டிரைவர் வரச் சொல்லலாம், அண்ணா, கொஞ்சம் உட்காருங்க” என்று பேச்சுக் கொடுங்கள். கூட யாராவது வந்திருந்தால் அவரிடம் பேசுவது இன்னும் நல்லது. குடித்தவரை ஓட்டத் தூண்டினாலோ, தெரிந்தே சாவியைக் கொடுத்தாலோ, மோட்டார் வாகனச் சட்டம் 188ஆம் பிரிவில் அவருக்கும் அதே தண்டனை உண்டு என்று சொன்னால் பெரும்பாலும் சாவி கைமாறும். பேச்சு எடுபடாமல் அவர் கிளம்பிவிட்டால், எந்த நேரம், எந்தத் திசை என்று கட்டுப்பாட்டு அறைக்கு மறுபடி சொல்லுங்கள்.

விபத்தே நடந்துவிட்டால் முதலில் 108. அடிபட்டவருக்கு உதவுகிறவரை அதே சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. அந்தப் பாதுகாப்பு விபத்தில் உதவியதற்கு மட்டும்தான், துரத்திப் பிடித்ததற்கு இல்லை. ஓட்டியவரும் ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்த மாதிரி எடுக்கச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் அன்றைக்கே எழுத்தில் கேட்கும்படி பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) “மது வாடை” என்று மட்டும் டாக்டர் எழுதினால் இழப்பீட்டு வழக்கிலும் குற்ற வழக்கிலும் அளவு பற்றிய கேள்வி கடைசி வரை இழுக்கும்.

கடைசியாக, உங்களிடம் சமரசத்துக்கு ஆள் வருவார்கள். 126ஆம் பிரிவு வழக்கை அவர் சமரசமாக முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, அதற்கு நீங்கள் சம்மதிக்கலாம். ஆனால் “நீங்கள் அவர் ஓட்டியதைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், நாங்கள் புகாரை வாபஸ் வாங்குகிறோம்” என்றால் மறுத்துவிடுங்கள். அந்த வழக்கு அரசுக்கும் அவருக்கும் இடையிலானது, அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. நீதிமன்றத்தில் தெரிந்தே பொய்ச் சாட்சி சொன்னால் நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. இப்போது உங்கள் மேல் வரக்கூடிய வழக்கின் தண்டனை ஒரு மாதம்.