மனநல ஆலோசனையில் ‘பண்பாட்டை உணர்ந்த அணுகுமுறை’ என்றால் என்ன?

வருபவரின் ஊர், குடும்பம், நம்பிக்கை, பேச்சு ஆகியவற்றை அறிந்து, அதற்கேற்ப ஆலோசகர் கேட்பதும் பேசுவதும்தான் இது.

துயரம் எல்லா இடத்திலும் ஒரே சொல்லில் வெளிப்படுவதில்லை. நெல்லைச் சீமையில் பலர் ‘மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை; ‘நெஞ்சு அடைக்கிறது, தலை பாரமாக இருக்கிறது’ என்பார்கள். கணவரை இழந்த ஒரு பெண், சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியாடியிடம் குறி கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது என்று சொல்லலாம். அதை மூடத்தனம் என்று ஒதுக்கினால் அவர் மறுமுறை வரவே மாட்டார். ‘சாமி என்ன சொன்னதம்மா?’ என்று கேட்பவரிடம்தான் மனம் திறக்கும். இந்த ஒரு கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலிலும், நோயாளியின் பண்பாட்டை அறிய 16 கேள்விகள் இருக்கின்றன.

அம்பாசமுத்திரம் வயலில் நடும் நெற்பயிரைத் திசையன்விளைப் பக்கத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டில் யாரும் நடுவதில்லை. உழவு ஒன்றுதான், மண் வேறு; ஆலோசனையும் அப்படித்தான்.

ஊர் வழக்கம் அனைத்துக்கும் ஆலோசகர் தலையாட்டுவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, சாதி மாறிக் காதலித்த பெண்ணை வீட்டில் அடைத்து வைத்தால் அதை ‘எங்கள் வழக்கம்’ என்று அவர் ஏற்கக் கூடாது.